திறக்கக்கூடாத பெட்டி!

"என்னைத் திறக்காதே!" என்று சொல்லாமல் சொன்னது ஒரு பெட்டி. அதையும் மீறித் திறந்தவர்கள் திகைத்து நின்றார்கள். உள்ளே பொன் இல்லை, பொருள் இல்லை. வரிசை வரிசையாகக் கையெழுத்துகள் இருந்தன!

அந்தப் பெட்டியின் பெயர் மெக்கின்டாஷ். அது ஒரு கம்ப்யூட்டர். அமெரிக்காவில் உள்ள ஆப்பிள் கம்பெனி, 1984-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி அதை வெளியிட்டது. விலை 2,495 டாலர்.

திரை, மூளை, தகடு செருகும் இடம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடக்கம். திரையின் அளவு 9 அங்குலம். எடை சுமார் 7½ கிலோ. தூக்கிச் செல்ல வசதியாக, மேலே கை நுழைக்க ஒரு குழியும் உண்டு.

ஏன் மூடினார்கள்?

ஆப்பிள் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர் ஸ்டீவ் ஜாப்ஸ். வீட்டில் உள்ள மற்றச் சாமான்களைப் போலக் கம்ப்யூட்டரும் எளிதாக இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. வாங்கினோம், வைத்தோம், சுவிட்சைப் போட்டோம் என்று இருக்கவேண்டும். உள்ளே கை வைக்கும் வேலை வாங்கியவருக்கு எதற்கு?

ஆகவே பெட்டியை இறுக மூடினார்கள். மூடியைப் பிடித்திருப்பவை 5 திருகாணிகள். இரண்டு கீழே இருக்கின்றன. ஒன்று பாட்டரி அறைக்குள் ஒளிந்திருக்கிறது. மற்ற இரண்டும் கைப்பிடிக் குழியின் ஆழத்தில் இருக்கின்றன. திருகாணியின் தலையில் உள்ள பள்ளமோ நட்சத்திர வடிவம்! வீட்டில் இருக்கும் திருப்புளி அங்கே செல்லாது. ஒரு சாண் நீளமுள்ள தனித் திருப்புளி வேண்டும்.

இப்படி மூடிய பெட்டிக்குள் கையெழுத்து எப்படி வந்தது?

1982-ம் ஆண்டு பிப்ரவரியில், அதைச் செய்த குழுவினரை ஜாப்ஸ் அழைத்தார். "கலைஞர்கள் தங்கள் படைப்பில் கையெழுத்து இடுவார்கள். நாமும் இடுவோம்" என்ற கருத்தில் பேசினார். ஒரு பெரிய தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜாப்ஸ் கடைசியில் போட்டார். அந்தக் கையெழுத்துகளை மூடியின் உட்புறத்தில் அச்சாக வார்த்துவிட்டார்கள். வாங்கியவர் கண்ணில் அவை படாது என்று தெரிந்தே செய்தார்கள்!

ஒளித்து வைத்த வழி

கம்ப்யூட்டருக்கு நினைவு முக்கியம். முதல் மெக்கின்டாஷின் நினைவு 128 கே. அதாவது, சுமார் 1 லட்சத்து 31 ஆயிரம் ஆங்கில எழுத்துகளைத்தான் ஒரே சமயத்தில் மனத்தில் வைத்திருக்கும். படம் வரையவும், கட்டுரை எழுதவும் அது போதவில்லை.

இது பின்னால் இடிக்கும் என்பதை முன்பே உணர்ந்தவர் பர்ரல் ஸ்மித். மெக்கின்டாஷின் மூளைப் பலகையை வடிவமைத்தவர் அவர்தான். பிற்காலத்தில் புது உறுப்புகளைச் சேர்க்க ஒரு வாசல் வைக்கவேண்டும் என்று விரும்பினார். ஜாப்ஸ் அதற்குச் சம்மதிக்கமாட்டாரே! எனவே, "இது பரிசோதனைக்கான வாசல்" என்று பெயர் சூட்டி நுழைக்கப் பார்த்தார். குட்டு வெளிப்பட்டது. வாசல் நீக்கப்பட்டது.

ஆனால் இன்னொரு வழி தப்பிப் பிழைத்தது. நினைவை நான்கு மடங்காகப் பெருக்குவதற்கு வேண்டிய ஏற்பாட்டைப் பலகையிலேயே ஸ்மித் செய்து வைத்தார். குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்பெல்ட் இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார்.

1984 செப்டம்பரில் 512 கே நினைவுள்ள மெக்கின்டாஷ் வந்தது. பழைய பெட்டியை வைத்திருந்தவர்கள், பணம் கட்டி அதைப் போல மாற்றிக்கொள்ளலாம் என்று கம்பெனி அறிவித்தது. கட்டணம் 995 டாலர்!

"இவ்வளவா?" என்று மலைத்தவர்களில் சிலர், நீண்ட திருப்புளியைக் கையில் எடுத்தார்கள். பலகையில் இருந்த 16 சில்லுகளையும் ஈயப்பற்றை உருக்கிப் பெயர்த்தார்கள். ஒரு சில்லுக்கு 16 கால்கள். ஆக, 256 கால்களை விடுவிக்கவேண்டும்! பிறகு பெரிய சில்லுகளை வைத்துப் பற்றவைத்தார்கள். கை சற்றுத் தவறினால் பலகை பாழ். தவறாமல் முடித்தவருக்கு நினைவு நான்கு மடங்கு!

கம்பெனியும் இறங்கியது

1986-ல் வந்த மெக்கின்டாஷ் ப்ளஸ்ஸில் நினைவுச் சில்லுகளைச் செருகிக் கழற்றலாம். பற்றவைக்கத் தேவை இல்லை. 1987-ல் வந்த எஸ்.இ. மாதிரியில், ஜாப்ஸ் வேண்டாம் என்ற வாசலும் வந்தது. அவர் விரும்பாத மின்விசிறியும் வந்தது. அதற்குள் அவர் கம்பெனியைவிட்டு வெளியேறி இருந்தார்.

1989-ல் எஸ்.இ./30 பிறந்தது. தக்க சில்லுகளையும் மென்பொருளையும் சேர்த்தால், இதன் நினைவை 128 எம்.பி. வரை உயர்த்தலாம். முதல் மெக்கின்டாஷைப் போல 1,024 மடங்கு!

உள்ளே இருக்கும் பகைவன்

இவை எல்லாம் பழங்கதை ஆகிவிட்டன. ஆனாலும், இந்தப் பெட்டிகளைப் போற்றி வைத்திருப்போர் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலை இப்போது வேறு.

மணி, தேதியை நினைவில் வைக்க, பெட்டிக்குள் ஒரு சிறு பாட்டரி உண்டு. ப்ளஸ் வரை அதை வெளியில் இருந்தே எடுக்கலாம். எஸ்.இ. முதல் அது உள்ளே போய்விட்டது. வயதான பாட்டரி வெடித்துக் கசிகிறது. கசிந்த நீர் பலகையை அரித்துத் தின்கிறது!

மின்விசிறி சுற்றாவிட்டால், "கண்டென்சர் போய்விட்டது" என்பார்கள் அல்லவா? அந்த இனத்து உறுப்புகள் எஸ்.இ./30-ன் பலகையிலும் இருக்கின்றன. அவையும் கசிகின்றன. வெளியே பார்த்தால் பெட்டி புத்தம் புதிதாக இருக்கும். உள்ளே நாசம் நடந்துகொண்டிருக்கும்!

எச்சரிக்கை!

ஆகவே, திறக்காமல் தீராது. ஆனால் அவசரப்பட்டுத் திறந்தால் ஆபத்து. பழைய டெலிவிஷனைப் போல இதிலும் பிக்சர் டியூப் இருக்கிறது. அது ஓடும்போது 10 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் மின்சாரம் ஏறும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான்! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தங்கி இருக்கலாம்.

தெரிந்தவர்கள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். திருப்புளியை உலோகச் சட்டத்தோடு கம்பியால் இணைத்து, டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் மெல்லச் செலுத்துவார்கள். சில சமயம் "டிக்" என்று சத்தம் வரும். தேங்கிய மின்சாரம் போய்விட்டது என்று பொருள். அதன் பிறகும் டியூபின் கழுத்தை இடிக்கக்கூடாது. முறிந்தால் திரை போயிற்று! பழகாதவர்கள் இதில் இறங்கவே கூடாது.

பிறகு பாட்டரியை அகற்றுவார்கள். கசிந்த இடத்தை ஆல்கஹாலால் கழுவி, புதிய கண்டென்சர்களைப் பற்றவைப்பார்கள். தேய்ந்த பழைய தகட்டுப் பெட்டிக்குப் பதிலாக, 'ப்ளூஸ்கசி' போன்ற சிறு கருவியைப் பொருத்துவார்கள். கைப்பேசியில் போடுவது போன்ற நினைவு அட்டை அதில் செருகப்படும். பெட்டி மீண்டும் பேசும்!

மூடி வைத்தவர் அழகுக்காக மூடினார். இன்றோ, திறக்காத பெட்டி தானே அழிகிறது. திறந்த பெட்டி பிழைக்கிறது. முதல் மெக்கின்டாஷைத் திறக்கிறவர் மூடியைக் கழற்றியதும், அதைப் படைத்தவர்களின் கையெழுத்தைப் பார்க்கிறார். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எண்ணிய இடத்திலும் பெயர் பொறித்தார்களே, அந்த உழைப்புக்கு இதுதான் மரியாதை!