கனவுக் காரின் விலை என்ன?

ஐம்பதை நெருங்கும் திருவனந்தபுரம்வாசிக்கு ஆசையும் வளர்ந்திருக்கிறது, வரியும் வளர்ந்திருக்கிறது. கையில் மிச்சமிருக்கும் சம்பள வருடங்கள்தான் குறைந்துகொண்டே வருகின்றன.

2019 பிப்ரவரியில் திருவனந்தபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓர் ஏலம். வீடு, நிலம், நகை எதுவுமில்லை. ஏலத்துக்கு வந்தது ஒரு நம்பர். கேஎல்-01-சிகே-1. புதிதாக வாங்கிய போர்ஷே பாக்ஸ்டர் காருக்கு அந்த எண்தான் வேண்டும் என்று நின்ற உள்ளூர் தொழிலதிபர் ஒருவர், கடைசியில் 31 லட்ச ரூபாய்க்கு அதைத் தட்டிச் சென்றார். கார் கிட்டத்தட்ட ஒரு கோடி. எண்ணுக்குச் செலவான பணத்தில் நடுத்தரக் குடும்பம் ஒன்று நல்ல கார் இரண்டு வாங்கியிருக்கலாம்.

பணம் இருந்தது, செலவழித்தார். அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலை எல்லாம் அவருடைய காரைக் கவடியார் சாலையில் பார்த்துவிட்டு, சிக்னலில் நின்றபடி தன் பழைய சின்னக் காரின் ஸ்டியரிங்கைத் தடவிப் பார்க்கும் அரசு அலுவலரைப் பற்றித்தான். தலைமைச் செயலகம், விண்வெளி மையம், டெக்னோபார்க் என்று மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த ஊர் இது. முதல் சம்பளம் ஸ்கூட்டருக்கும், பிறகு வீட்டுக் கடனுக்கும், பிறகு பிள்ளைகளின் படிப்புக்கும் போய்விட்டது. மூத்தவள் கல்லூரி முடிக்கும் தறுவாயில்தான் 'நமக்கென்று ஒன்று' என்ற எண்ணம் தலைதூக்குகிறது. அதற்குள் வயது ஐம்பது.

இங்கேதான் கேரளத்துக்கே உரிய சிக்கல். மாநில அரசு ஊழியர்களில் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள் 56 வயதில் வீட்டுக்குப் போக வேண்டும். (2013 ஏப்ரலுக்குப் பின் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 60.) 50 வயதில் ஏழு வருடக் கடன் எடுத்தால், கடைசி ஒரு வருடத் தவணை பென்ஷனிலிருந்துதான் போகும். பெற்ற மகன் கட்டுவான் என்று நம்பிக் கடன் வாங்குகிறவர்களும் உண்டு. மகனுக்கும் அதற்குள் ஒரு கனவுக் கார் வந்திருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆசைப்பட்ட காரின் விலை 18 லட்சம். கேரளத்தில் 15 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு ஒரே தவணையில் கட்டும் சாலை வரி 17 சதவீதம். அதாவது 3,06,000 ரூபாய். காப்பீட்டையும் சேர்த்தால் வண்டி சாலைக்கு வரும்போது 22 லட்சத்தைத் தொட்டுவிடும். கையிருப்பு போக 15 லட்சம் கடன், 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 31,100 ரூபாய். ஏழு வருடத்துக்குச் சுமார் 24,100. இரண்டாவது இனிமையாகத் தெரிகிறது. ஆனால் வட்டி மட்டும் 5.27 லட்சம் ஆகிறது, ஐந்து வருடக் கடனைவிட ஒன்றரை லட்சத்துக்கு மேல் அதிகம். இதற்குள் காரின் கதை என்ன? காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மானக் கணக்கின்படி ஐந்தாம் வருட முடிவில் அதன் மதிப்பு பாதி.

ஷோரூமில் விற்பனையாளர் 'இன்னும் கொஞ்சம் போட்டால் மேல் மாடல்' என்று சொல்லும் இடம்தான் ஆபத்தான இடம். 20 லட்சத்தைத் தாண்டினால் வரி 22 சதவீதம். அதுவும் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். 19.90 லட்சம் காருக்கு வரி சுமார் 3.38 லட்சம். 20.50 லட்சம் காருக்கு 4.51 லட்சம். சன்ரூஃபுக்காகக் கூடுதலாகக் கொடுத்தது 60,000 ரூபாய் என்று நினைத்தவர், உண்மையில் கொடுத்தது 1.73 லட்சம். அதே விலையில் மின்சாரக் கார் என்றால் 2025 பட்ஜெட்டுக்குப் பிறகும் வரி 10 சதவீதம்தான். மின்சாரக் கார் வாங்குபவர்கள் எல்லோரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

வரிக்குப் பயந்து குறுக்கு வழி தேடியவர்களின் கதையும் மலையாளிகளுக்குத் தெரியும். புதுச்சேரி முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்ததாகத் திரைப் பிரபலங்கள் சிலர் மீது 2017-ல் வழக்குகள் கிளம்பின. 2025 செப்டம்பரில் சுங்கத்துறை 'நும்கோர்' என்ற பெயரில் கேரளம் முழுக்கச் சோதனை நடத்தி, பூட்டானிலிருந்து முறைகேடாகக் கொண்டுவரப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட பழைய சொகுசு வண்டிகளைக் கைப்பற்றியது. மலிவாகக் கிடைத்த கனவு காலையில் வாசலில் அதிகாரிகளோடு வந்து நிற்கும்.

சிலருடைய கனவு புதிய காரே அல்ல. சிறுவயதில் எதிர்வீட்டு வக்கீல் வைத்திருந்த அம்பாசடர், மாமா ஓட்டிய பத்மினி, கல்லூரி நாட்களில் ஏங்கிய கான்டெஸா. வாங்கும்போது இவை மலிவு. பிறகுதான் செலவு. 20 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிகளுக்கான வரியைக் கேரளம் அதே ஆண்டில் 50 சதவீதம் உயர்த்தியது. உதிரிபாகம் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் அது வேறு அதிர்ஷ்டம்.

பழைய கார் என்றால் திருவனந்தபுரத்தில் எல்லோரும் ஒரே வண்டியைத்தான் சொல்வார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950-களில் வாங்கிய மெர்சிடஸ் பென்ஸ் 180டி. பதிவு எண் கேன் 42. விலை 12,000 ரூபாய் என்று சொல்வார்கள். அன்றைக்கு அது சிறிய தொகை அல்ல. கார்ப் பைத்தியம் பிடித்த இளவரசர் அதோடு நிற்காமல் அடுத்தடுத்து மாற்றிக்கொண்டே போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. அந்த ஒரே வண்டியை ஓட்டினார், ஓட்டிக்கொண்டே இருந்தார். அதில் மட்டும் 23 லட்சம் மைல் போனதாகக் கணக்குச் சொல்லப்பட்டது. நீண்ட தூரம் ஓட்டியதற்காகக் கம்பெனி பதக்கங்கள் கொடுத்தது. அதைத் திருப்பித் தந்தால் புதிய கார்கள் தருகிறோம் என்றும் கேட்டுப் பார்த்தது. மறுத்துவிட்டார். 2013 டிசம்பரில் 91-வது வயதில் அவர் காலமானபோதும் கார் குடும்பத்தின் கையில்தான் இருந்தது. தொழிலதிபர் யூசுப் அலிக்கு அதைப் பரிசாகக் கொடுக்கப்போவதாக 2022-ல் செய்தி வந்தது.

12,000 ரூபாயை 23 லட்சம் மைலால் வகுத்தால் மைலுக்கு அரை பைசாவுக்குச் சற்று மேல். பெட்ரோலையும் ரிப்பேரையும் அரண்மனை பார்த்துக்கொண்டது என்பது உண்மைதான். மாதச் சம்பளக்காரருக்கு அந்த வசதி கிடையாது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கே 7,000 ரூபாய் போகும். அப்படி ஓட்டினாலும் ஏழு வருடத்தில் 84,000 கிலோமீட்டர்தான்.

பெரும்பாலானவர்கள் அவ்வளவுகூட ஓட்டுவதில்லை. வெள்ளயம்பலத்திலிருந்து கவடியார் வரை அகலமான சாலையில் கனவு இரண்டு நிமிடம் பறக்கும்; சாலைத் தெருவில் நுழைந்தால் கண்ணாடியை மடக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் ஊர வேண்டியதுதான். நாகர்கோவிலுக்கு மாதம் ஒருமுறை, குருவாயூருக்கு வருடம் ஒருமுறை.

அதே அலுவலர் 11 லட்சம் காரோடு நிறுத்திக்கொண்டால் வரி 15 சதவீதம், 1.65 லட்சம். ஏழு லட்சம் கடன் போதும். ஐந்து வருடத் தவணை சுமார் 14,500. கடைசித் தவணை 55 வயதில் முடிந்துவிடும். சிக்னலில் பக்கத்தில் போர்ஷே வந்து நின்றால் என்ன தோன்றும் என்பதற்கு மட்டும் எந்த வங்கியிடமும் அட்டவணை கிடையாது.