மலையேறுதல்: ஓர் இயக்க வினையும் பேசுவோர் நிற்குமிடமும்

'ஏறு' என்னும் வினை பேருந்தில் ஏறுதல், விலை ஏறுதல், வெயில் ஏறுதல், பாடம் மண்டையில் ஏறாமை எனப் பலவாறு விரிந்து வழங்குகிறது. இவற்றுள் உயர்தலோ மிகுதலோ உட்புகுதலோ பொருளாகும். 'மலை' என்பதோடு சேருங்கால் நீங்குதல் என்னும் பொருளையும் அது பெறுகிறது. அருள்வந்து ஆடியவரைவிட்டுத் தெய்வம் நீங்குதல் 'சாமி மலையேறிற்று' எனப்படும். விளக்கு அணைந்ததை 'மலையேறிற்று' என்பது நன்னூலார் வகுத்த மங்கல வழக்கின்பாற்படும். 'அந்தக் காலம் மலையேறிவிட்டது' என்பதிலோ மங்கலம் இல்லை. பெரும்பாலும் ஏளனமே தொனிக்கிறது.

இம்மூன்றும் சமவெளியில் நின்று பேசுவோர் வழக்குகள். மலையேறுவது எதுவாயினும் அவர்தம் கண்ணுக்கு மறைகிறது. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சமவெளியும் கல்வராயன் மலையும் ஒருங்கே அமைந்துள்ளன. அம்மலையில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர் (பெயரொற்றுமை கருதிக் கேரளத்தாரோடு மயங்கற்க). நகருக்கு இறங்கி வந்த ஒருவர் வெள்ளிமலை நோக்கி ஏறுவது நீங்குதல் அன்று, வீடு திரும்புதல். நகரத்தார்க்கு அது செலவு. மலையில் காத்திருப்போர்க்கு வரவு. 'வா', 'தா' என்பன தன்மை முன்னிலைகட்கும், 'செல்', 'கொடு' என்பன படர்க்கைக்கும் உரியன எனத் தொல்காப்பியர் வரையறுத்ததும் இத்தகைய இடவேறுபாடு கருதியே.

எனவே 'மலையேறு' என்பதற்கு 'மறைந்துபோ' என மட்டும் பொருளெழுதும் பாடக்குறிப்பு, வெள்ளிமலை மாணவரிடம் அவர் வீட்டுக்குச் செல்லும் வழியையே மறைவின் பெயராக அறிமுகப்படுத்திவிடும். நேர்ப்பொருளை முதலில் தந்து, பின்னையது சமவெளி வழக்கு எனக் குறித்தல் தகும்.