நாயின் கயிறு நம் கையில்

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கைகளில் களப்பணிக்குச் செல்லும்போது, படலையில் நின்று நான் முதலில் கேட்பது, "அக்கா, நாய் கட்டியிருக்கோ?" என்பதைத்தான். கணவனை இழந்தோ, கணவன் வெளிநாட்டில் இருக்கவோ தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் இப்பகுதியில் வாழ்கின்றனர். அவர்களுக்கு நாய் வெறும் செல்லப்பிராணி அன்று. இரவில் வாசலைக் காக்கும் துணை.

அத்தகைய ஓர் அக்காவின் வீட்டு நாய் பகல் முழுவதும் இரும்புச் சங்கிலியில் கிடந்தது. நடமாட்டமின்றிக் கட்டிக்கிடக்கும் நாய்க்குச் சினம் கூடும் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருநாள் அது சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, ரியூசன் முடிந்து வந்த அயல்வீட்டுச் சிறுமியின் காலைக் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரி, ஊசி என்று அலைந்த பின்னர் இரு வீட்டாருக்கும் இடையே பேச்சும் நின்றது.

இதைக் கேள்வியுற்ற கனடாவில் உள்ள அவருடைய தம்பி, "இனி நாயை நடத்திக்கொண்டு போங்கோ" என்று ஒரு சுருள் பெல்ட்டை அனுப்பி வைத்தார். முதல்நாள் மாலையிலேயே நாய் பூனையைக் கண்டு பாய்ந்தது. அக்கா பதற்றத்தில் ஓடும் கயிற்றைக் கையால் பிடித்தார். நான்கு விரல்களும் அறுபட்டன. தையல் தைத்துச் சீவிக்கும் அவர் பத்து நாட்கள் மெசினில் உட்காரவில்லை. "தங்கச்சி, இதை எறிஞ்சுவிடட்டோ?" என்று அவர் என்னிடம் கேட்டபோதுதான் நானும் இதைப்பற்றி விசாரித்து அறியத் தொடங்கினேன்.

சுருள் பெல்ட் என்றால் என்ன?

மேசன்மார் வைத்திருக்கும் அளவு டேப்பைப் போன்றதே இது. பிளாஸ்ரிக் கைபிடிக்குள் ஒரு சுருள்வில் உண்டு. நாய் நடக்கும்போது கயிறு நீளும். திரும்பி வரும்போது தானாகவே உள்ளே சுருளும். பெருவிரலால் அழுத்தும் பொத்தான் கயிற்றை நிறுத்தும். இதற்கு முன்னோடியான ஒரு கருவிக்கு 1908இல் நியூயோர்க்கைச் சேர்ந்த மேரி டிலேனி என்ற பெண்மணி காப்புரிமை பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. 1973இல் ஜெர்மனியில் மன்ஃபிரட் பொக்டான் தொடங்கிய நிறுவனம் இதை உலகெங்கும் பரப்பியது.

வாங்கும்போது

கைபிடியிலோ பெட்டியிலோ எத்தனை கிலோ நிறையுள்ள நாய்க்கு உரியது என எழுதப்பட்டிருக்கும். உங்கள் நாயின் நிறைக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். மெல்லிய கயிறு உள்ளதைவிட முழுவதும் தட்டையான நாடா உள்ளதே நல்லது. கயிறு தோலை எளிதில் அறுக்கும், கண்ணுக்கும் தெரியாது. கடையிலேயே நாடாவை இழுத்து, பொத்தானை அழுத்திப் பாருங்கள். நழுவினால் வேண்டாம். கைபிடி உங்கள் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். இழுத்து ஓடும் பெரிய நாய்க்கும், பழக்கப்படாத குட்டிக்கும் இது பொருந்தாது. அவற்றுக்கு ஐந்து, ஆறடி நீளமான சாதாரண நைலோன் பெல்ட்டே போதும், விலையும் குறைவு.

பாவிக்கும்போது

ஓடும் கயிற்றை ஒருபோதும் கையால் பிடிக்கக் கூடாது. விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றவும் கூடாது. கைபிடியைச் சிறு பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். அது கைதவறி விழுந்தால் சத்தத்துடன் நாயின் பின்னால் இழுபட்டு வரும். பயந்த நாய் தெருவுக்கு ஓடிவிடும். நீளம் முடியும் இடத்தில் கழுத்து திடீரென வெட்டி இழுபடுவதால், கழுத்துப் பட்டியைவிட மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டி பாதுகாப்பானது.

ஒழுங்கையில் நடக்கும்போது நாய் உங்கள் காலோடு வரும்படி குறுக்கிப் பூட்டிவிடுங்கள். ஐந்து மீற்றர் தள்ளிச் செல்லும் நாயை, முடக்கில் ஓட்டோ திரும்பும்போது உங்களால் இழுத்தெடுக்க முடியாது. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில் பிரட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் உலாவுகின்றன, அங்கும் அவ்வாறே. ஆள் நடமாட்டம் குறைந்த அதிகாலையில் டச்சுபே போன்ற திறந்த மணற்கரையில் மட்டும் நீளவிடலாம். உப்பும் மணலும் சுருள்வில்லைக் கெடுக்கும். ஆகவே வீடு வந்ததும் நாடாவை முழுவதும் வெளியே இழுத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்த பின்னரே சுருளவிடுங்கள்.

அயலவரையும் நினைப்போம்

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே தெருவைப் பாவிக்கும் ஊர் இது. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒருமுறை மண்கொண்டு, கழுவ வேண்டும் என்பது நம் முஸ்லிம் சகோதரிகள் பலர் பின்பற்றும் மார்க்க நெறி. தொழுகைக்குப் போகிறவரின் உடையை நம் நாய் மோந்து பார்ப்பது நமக்கு விளையாட்டு. அவருக்குப் பெரும் சங்கடம். எதிரே ஆள் வரும்போது கயிற்றைக் குறுக்குவது ஒரு மரியாதை.

கயிறு இருந்தாலும் தடுப்பூசி அவசியம். இலங்கையில் 1973இல் நீர்வெறுப்பு நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கான தடுப்பூசியும் கடிபட்டோருக்கான சிகிச்சையும் பரவியதால் அத்தொகை இன்று பல மடங்கு குறைந்துள்ளது. ஆயினும் நோய்க்குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது. எனவே ஆண்டுதோறும் நாய்க்கு ஊசி போடுங்கள். யாரையேனும் கடித்தால், காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரச ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கு சிகிச்சை இலவசம்.

அந்த அக்கா சுருள் பெல்ட்டை எறியவில்லை. ஒழுங்கைக்குச் சாதாரண பெல்ட், கடற்கரைக்குச் சுருள் பெல்ட் என்று இரண்டையும் வைத்திருக்கிறார். நாள்தோறும் நடப்பதால் நாயின் சினமும் அடங்கியிருக்கிறது. சிறுமியின் தாய் இப்போது அக்காவுடன் கதைக்கிறார். ஆனால் அந்தச் சிறுமி, நாயைக் கண்டால் இன்றும் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறாள். அவளைக் காணும்போதெல்லாம் அக்கா நின்று, கயிற்றைக் குறுக்கிப் பூட்டி, அவள் கடந்து போகும்வரை காத்திருக்கிறார்.

நாய் வளர்ப்பது நம் விருப்பம். அதனால் பிறருக்குத் தீங்கு நேராமல் பார்ப்பது நம் கடமை. அந்தக் கடமையை மறவாதிருப்போம், சகோதரிகளே.