சுவர் எழுத்தும் சுமந்த பெயரும்

சுவர் இருக்குமிடத்தில் எழுத்தும் இருக்கும். உரோமை நகரில் புனித செபஸ்தியார் நிலத்தடிக் கல்லறைக்குச் செல்வோர், மூன்றாம் நூற்றாண்டுத் திருப்பயணிகள் சுவர்ப் பூச்சில் கீறிச் சென்ற நூற்றுக்கணக்கான எழுத்துக்களை இன்றும் காணலாம். பேதுருவும் பவுலும் தங்களை நினைவுகூர வேண்டுமென மன்றாடித் தத்தம் பெயர்களையும் அவர்கள் பொறித்து வைத்தனர். அவற்றை நாம் விசுவாசச் சான்றுகளாகப் போற்றுகிறோம்.

ஆனால் வெள்ளையடித்த நம் வீட்டுச் சுவரில் யாரேனும் கிறுக்கிவிட்டால் போற்ற மனம் வருமா? வருவது சினமே. அச்சினம் நியாயமானதுதான். ஏழாம் கட்டளை பிறர் பொருளைத் திருடுவதை மட்டும் விலக்கவில்லை. அதை வேண்டுமென்றே கெடுப்பதையும் விலக்குகிறது. கெடுத்தவன் ஈடு செய்ய வேண்டுமென்றும் பணிக்கிறது. இதில் ஐயமில்லை. சினம் ஆறிய பின் என்ன செய்வது என்பதே கேள்வி.

அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரம் இக்கேள்வியை நெடுங்காலம் எதிர்கொண்டது. 1960களின் பிற்பகுதியில் 'கார்ன்பிரெட்' என்ற பட்டப்பெயர் கொண்ட இளைஞர் ஒருவர் அப்பெயரை அந்நகரச் சுவர்களெங்கும் எழுதினார். அவர் இறந்துவிட்டதாகச் செய்தித்தாளில் தவறாக வெளிவந்தபோது, விலங்குக் காட்சிச்சாலைக்குள் புகுந்து, தாம் உயிரோடிருப்பதாக ஒரு யானையின் உடலிலேயே எழுதி வைத்ததாக அவரே பின்னர் கூறினார். கேட்டால் நகைப்பு வரும். எண்ணிப் பார்த்தாலோ, 'நானும் ஒரு மனிதன், நானும் இங்கே வாழ்கிறேன்' என்று உரைக்க வேறு இடம் காணாத உள்ளத்தின் ஏக்கம் அதில் தெரியும்.

பின்வந்த ஆண்டுகளில் அவரைப் பின்பற்றியோர் பெருகினர். 1984இல் மாநகரத் தந்தை வில்சன் குட் கிறுக்கல் ஒழிப்புக்கென ஓர் அமைப்பை நிறுவினார். அதற்கு இரு கைகள் இருந்தன எனலாம். ஒரு கை அழித்தது; மறு கை அழைத்தது. இனி எழுதுவதில்லை என்று உறுதிமொழியில் ஒப்பமிட்ட இளைஞர்கள்மீது வழக்குத் தொடரப்படவில்லை. சுவர்களைத் தேய்த்துக் கழுவும் வேலை அவர்களுக்குத் தரப்பட்டது. ஜேன் கோல்டன் என்னும் பெண் ஓவியர் அவர்களைச் சுவரோவியப் பணிக்குப் பழக்கினார். மன்னிப்பு, மனமாற்றத்தின் உறுதி, பரிகாரம், புதுவாழ்வு என்று நாம் ஒப்புரவு அருட்சாதனத்தில் காணும் வரிசையல்லவா இது? 1996இல் இம்முயற்சி நகரின் சுவரோவியத் திட்டமாக மலர்ந்தது. இதுவரை 4,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாகியுள்ளன.

இம்முறையின் நுட்பம் எளியது. தன் பெயர் நிலைத்து நிற்கவேண்டும் என்பதே கிறுக்குபவனின் ஆவல். ஆகவே உடனுக்குடன் அழித்தால் அவ்வாவல் குன்றும். ஆனால் வெற்றுச் சுவர் மீண்டும் அழைக்கும். ஓவியம் தீட்டிய சுவரோ பெரும்பாலும் மதிக்கப்படும். உடைமையாளரின் இசைவு பெற்று, தெருவில் வாழ்வோரைக் கலந்து, அவர்கள் விரும்பும் காட்சியை வரைவதால் அதற்குக் காவலர் தேவைப்படுவதில்லை. தெருவே காவல் காக்கிறது.

அதே நகரில் 2004ஆம் ஆண்டளவில் இன்னும் கடினமான ஒன்று நடந்தது. கிராட்டர்ஃபோர்டு சிறையின் கைதிகளும், குற்றங்களால் உற்றாரை இழந்தோரும் சேர்ந்து ஓவியம் தீட்ட முன்வந்தனர். ஒரே காட்சியில் இருதரப்பும் உடன்பட இயலவில்லை. எனவே இரு சுவர்கள் எழுந்தன: ஒன்று பாதிக்கப்பட்டோரின் பயணம், மற்றது கைதிகளின் பயணம். உண்மையான ஒப்புரவு மலிவானதன்று என்பதற்கு அவை சாட்சி.

அழைக்கும் கை இல்லாவிடில் என்ன ஆகும்? கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 2011 ஆகஸ்டில், சுவரில் வரைந்துகொண்டிருந்த 16 வயதுச் சிறுவன் காவலரின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். மக்கள் கொதித்தெழுந்தனர். எங்கே வரையலாம், எங்கே கூடாது என்பதை வகுத்து மாநகராட்சி 2013இல் ஆணை பிறப்பித்தது. ஒரு தாயின் கண்ணீருக்குப் பின்னர்தான் அவ்வாணை வந்தது.

நம் தமிழகத்திலும் பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959 முதலே சட்டம் உண்டு. ஆயினும் சுவரொட்டிகள் ஓயவில்லை. 2009இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டச் செய்தது, சட்டத்தோடு அழகையும் துணைக்கழைத்ததே ஆகும்.

நம் பங்குகளும் இதைக் கற்கலாகாதா? ஆலய மதிலில் 'விளம்பரம் செய்யாதீர்' என்று பெரிய எழுத்தில் எழுதி, நாமே அதன் அழகைக் குலைக்கிறோம். அதைவிட, மதிலடியில் பொழுது போக்கும் இளைஞர் நால்வரை அழைத்து, தூரிகையைக் கையில் கொடுத்து, நல்ல சமாரியரையோ காணாமற்போன ஆட்டையோ வரையச் சொல்லலாம். காட்சியை அன்பியங்கள் தேர்ந்தெடுக்கட்டும். வண்ணச் செலவைப் பங்குப்பேரவை ஏற்கட்டும். முடிந்ததும் ஓவியத்தின் அடியில் அவர்கள் பெயரையும் எழுதச் சொல்ல மறவாதீர்கள்.

திருவெளிப்பாட்டு நூலிலும் ஒரு பிலதெல்பியா உண்டு. அச்சபைக்கு ஆண்டவர் தந்த வாக்குறுதி என்ன? வெற்றி பெறுவோரைத் தம் இறைவனின் ஆலயத்தில் தூணாக நிறுத்தி, அத்தூணின்மீது பெயர் பொறிப்பதாக அவர் உரைக்கிறார். பெயருக்கு ஏங்குவது பாவமன்று. அப்பெயரை எழுத நாம் இடம் தருகிறோமா என்பதே கேள்வி.