வேனுக்குள் சைக்கிள்: இழுத்தால் வெளியே வரும் தட்டு

சில்லறைக் கடைக்காரர் விலையை மட்டும் பார்த்துச் சரக்கு வாங்குவதில்லை. தம் கடை வாசலில் கொண்டுவந்து இறக்குகிறவர் யார் என்பதையும் பார்க்கிறார். செல்போனில் ஆர்டர் வாங்கி மறுநாள் சரக்கு அனுப்பும் பெரிய கம்பெனிகள் கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்ட காலம் இது. மொத்த வியாபாரிகளாகிய நம்மிடம் மிஞ்சியிருப்பது கடனுக்குக் கொடுக்கும் நம்பிக்கையும், வாசல் வரை போகும் பழக்கமும்தான். அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள நாங்கள் செய்துகொண்ட ஒரு சிறு ஏற்பாட்டைப் பற்றி, கேட்ட அன்பர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

எங்கள் வண்டி காந்தி மார்க்கெட்டில் பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஏற்றிக்கொண்டு கொள்ளிடம் தாண்டி, நெம்பர் ஒன் டோல்கேட், நொச்சியம் வழியாகத் துறையூர் ரோட்டில் போகும். அரிசியை மட்டும் போகிற வழியில் மண்ணச்சநல்லூர் மில்லில் ஏற்றிக்கொள்வோம். பொன்னி அரிசிக்குப் பேர்போன ஊருக்குத் திருச்சியிலிருந்து அரிசி கொண்டுபோகிற புத்திசாலிகள் அல்ல நாங்கள். அடுத்து திருவெள்ளறை, அதற்கப்பால் புலிவலம்.

திருவெள்ளறையை அறியாதவர் நம் வட்டாரத்தில் இல்லை. வெண்பாறை மேல் அமைந்த ஊர் என்பதால்தான் அந்தப் பெயர். 108 திவ்ய தேசங்களில் ஒன்றாகிய புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலில் தை முதல் ஆனி வரை ஒரு வாசல், ஆடி முதல் மார்கழி வரை இன்னொரு வாசல். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டிய ஸ்வஸ்திகக் கிணறும் அங்கேதான் இருக்கிறது. நான்கு பக்கமும் படி. ஒரு பக்கத்தில் இறங்குகிறவர் மறுபக்கத்தில் இறங்குகிறவர் கண்ணில் படமாட்டார். உள்ளே போகிறவன் எப்படிப் போவான், எப்படி வெளியே வருவான் என்று யோசித்துக் கட்டியவர்கள் அந்தக் காலத்து ஆட்கள்.

ஊர் அப்படியிருக்க, வேனுக்கு வந்த சங்கடம் வேறு. தெருவுக்குள் நுழைந்தால் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் போதும், கால் மணி நேரம் போய்விடும். பங்குனித் தேர்க்காலத்திலோ வண்டியை எட்டவே நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய இடத்திலிருந்து கடைக்கு 200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 கிலோ அரிசிச் சிப்பம் 8 இறக்க வேண்டும். (2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபோது பிறந்த எடை இந்த 26 கிலோ என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) தலைச்சுமையாக ஒவ்வொன்றாகக் கொண்டுபோனால் போக வர 3,200 மீட்டர் நடை. லோடு சைக்கிளில் இரண்டிரண்டாகக் கட்டித் தள்ளினால் பாதி நடை. அதில் தலையில் பாரமும் இல்லை. எங்கள் சுமை தூக்கும் அன்பருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவர் இடுப்பு போனால் அந்த லைனே போயிற்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை வரம்பாகப் பரிந்துரைத்தது. நம் மார்க்கெட்டில் 100 கிலோ மூட்டை முதுகில் ஏறிய நாட்களைப் பார்த்தவர்கள் நாம்.

2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தை மராமத்துக்காக மூடினார்கள். திறந்தது 2023 மார்ச்சில். தொடக்கத்தில் இரு சக்கர வண்டிக்கு மட்டும் வழி இருந்தது. வேன் சென்னை பைபாஸ் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். லைனுக்கு இருந்த நேரத்தில் பெரும்பகுதி சுற்றுவழியிலேயே கரைந்தது. அந்த மாதங்களில்தான் எங்கள் வேனுக்குள் ஒரு சைக்கிளும் ஏறியது. திருவெள்ளறை மெயின் ரோட்டுக் கடைத் திண்ணையில் ஊர்ச் சரக்கை இறக்கி, ஆளையும் சைக்கிளையும் விட்டுவிட்டு வேன் புலிவலம் போய்விடும். திரும்பி வரும்போது ஆளை ஏற்றிக்கொள்ளும். பாலம் திறந்த பிறகும் அந்த முறையை நாங்கள் விடவில்லை.

சைக்கிளுக்குப் பதில் மொபெட் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கிறார்கள். மொபெட் 80 கிலோவுக்கு மேல் இருக்கும். ஏற்றி இறக்கச் சாய்பலகை வேண்டும். அதைவிட முக்கியம், மூடிய வண்டிக்குள் பெட்ரோல். அரிசியும் டீத்தூளும் பக்கத்தில் இருக்கும் வாடையை இழுத்துக்கொள்ளும் சரக்கு. தீப்பிடிக்கும் பயம் வேறு. டபுள் பார் போட்ட பழைய மாடல் சைக்கிள் 22 கிலோதான். பஞ்சர் ஒட்ட எந்த ஊரிலும் ஆள் உண்டு.

ஆனால் சைக்கிளை வேனுக்குள் சும்மா சாய்த்து வைத்தால் ஒரு பயனும் இல்லை. மண்ணச்சநல்லூரில் அரிசி ஏறியதும் அது மூட்டைகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். வண்டிக்குள் குனிந்து ஏறி, முதுகு வளைந்த நிலையில் தூக்கி எடுக்க வேண்டும். இடுப்பைக் காப்பாற்றக் கொண்டுபோன சைக்கிளே இடுப்பை ஒடித்துவிடும். செயின் மசகு சர்க்கரை மூட்டையில் ஒட்டும். ஆகவே சைக்கிள் தானே வாசலுக்கு வர வேண்டும். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் எப்படி வெளியே வருகிறது, பார்த்திருப்பீர்கள். மேல்நாடுகளில் சைக்கிள் பிரியர்கள் தங்கள் வேனுக்குள் இப்படித் தாங்களே தட்டு செய்துகொள்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு, நமக்குப் பிழைப்பு. நம் கடையிலேயே இருக்கும் கல்லாப்பெட்டி இழுப்பறைதான் இதுவும். கொஞ்சம் பெரியது, அவ்வளவே.

திருச்சியில் இரும்பு வேலைக்குப் பஞ்சமில்லை. பெல் தொழிற்சாலை வந்த நாளிலிருந்து சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டறைகள். எங்களுக்குச் செய்து கொடுத்தவர் கிரில் கேட் செய்கிறவர்.

எங்கள் வண்டி மூடிப் போட்ட குட்டி யானை. உள்ளே சுமார் 7 அடி நீளம். இடது சுவரோரமாக 6 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் தட்டு. ஓரத்துக்கு 25 மில்லிமீட்டர் எல் ஆங்கிள், மேலே 12 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் பிளைவுட். இரண்டும் சேர்ந்து 13 கிலோ அளவில் முடிந்தது. டயர் நிற்க நடுவில் இரண்டு ஆங்கிள்களை இணையாக வைத்துப் பள்ளம் விட்டிருக்கிறோம். பிரேம் சாய ஒரு கம்பம், அதில் பழைய டியூப் சுற்றிய கவை. தட்டின் உள்முனையில் பக்கத்துக்கு இரண்டு பேரிங். அவை சி சேனலுக்குள் ஓடும். சேனலின் மேல் உதடு பேரிங்கைத் தூக்க விடாது. வேனின் வாசல் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு பேரிங் தட்டைக் கீழிருந்து தாங்கும். நாங்கள் போட்டது 6202 நெம்பர், 35 மில்லிமீட்டர் வெளிவிட்டம், இருபுறமும் ரப்பர் சீல் உள்ளது. சீல் இல்லாததைப் போட்டால் தவிட்டுத் தூசியில் ஒரு மாதம்கூடத் தாங்காது. அதேபோல் சேனலுக்குள் கிரீஸ் அப்ப வேண்டாம். மாவும் மண்ணும் சேர்ந்து பசையாகிவிடும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தள்ளினால் போதும்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். தட்டை எவ்வளவு தூரம் வெளியே வர விடலாம்? சைக்கிளும் தட்டும் சேர்ந்து 35 கிலோ. 36 என்று வைத்துக்கொள்வோம். கனம் சமமாகப் பரவியிருக்கிறது என்றும் கொள்வோம். 4 அடி வெளியே, 2 அடி உள்ளே இருந்தால் பாரத்தின் மையம் வாசலுக்கு 1 அடி வெளியே நிற்கும். உள்முனை 18 கிலோ விசையில் மேலே எழும்பப் பார்க்கும். அதையே 5 அடி இழுத்தால் மையம் 2 அடி வெளியே போய்விடும். உள்ளே பிடிப்பதற்கு இருப்பது 1 அடிதான். உள்முனை எழும்பும் விசை 72 கிலோ. ஓரடிதான் கூட இழுத்தோம், பளு நாலு மடங்கு! அதனால் 4 அடியில் தட்டு நிற்கும்படி சேனலில் குறுக்கே அரை இஞ்ச் போல்ட் போட்டுவிட்டோம். கல்லாப்பெட்டியை வேகமாக இழுத்துச் சில்லறையைத் தரையில் கொட்டாத வியாபாரி உண்டா? இங்கே கொட்டுவது சைக்கிள், அதுவும் நம் கால் மேல்.

நீட்டிய தட்டின் நுனியில் யாரும் உட்காரக் கூடாது. 60 கிலோ ஆள் உட்கார்ந்தால் உள்முனையில் கூடுதலாக 120 கிலோ விசை. டீ குடிக்க அதைவிட வசதியான இடம் இல்லை என்று பையன்களுக்குத் தோன்றும், சொல்லி வைக்க வேண்டும்.

அடுத்தது தாழ்ப்பாள். இழுக்கும் சுகத்தைவிட இதற்குத்தான் காசு செலவழிக்க வேண்டும். கதவுக்குப் போடும் பெரிய அல்ட்ராப் இரண்டு: ஒன்று தட்டு உள்ளே இருக்கும்போது, மற்றொன்று முழுக்க வெளியே வந்த பிறகு. இரண்டாவதைச் சிலர் தேவையில்லை என்பார்கள். திருவெள்ளறை பாறை மேட்டுப் பூமி. வண்டியின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நின்றால் தாழ் எடுத்த உடனே தட்டு தானாக ஓடிவரும். முன்பக்கம் பள்ளமானால் சைக்கிளைத் தூக்கும்போதே உள்ளே ஓடும். விரல் நசுங்க அது போதும். எங்கள் டிரைவருக்குச் சொல்லியிருப்பது: சமதரையில் நிறுத்து, முடியாவிட்டால் டயருக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் தட்டைப் பிடித்துக்கொண்ட பிறகே தாழைத் தொடு.

துறையூர் ரோட்டில் பஸ்காரர்கள் போகும் வேகம் தெரிந்ததே. பிரேக் அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் முன்னால் பாயும். மோதல் என்றால் 22 கிலோ சைக்கிள் பல நூறு கிலோ விசையோடு டிரைவரின் முதுகை நோக்கி வரும். அதனால் தட்டின் முன்முனைக்கு எதிரே குறுக்குக் கட்டையும், சைக்கிளுக்கு மேல் லாரி சாமான் கடையில் கிடைக்கும் ராட்செட் பெல்ட்டும் கட்டாயம். நட்டெல்லாம் நைலாக் நட். சாதாரண நட்டு ரோட்டு அதிர்வில் தானே கழன்றுவிடும்.

சைக்கிளுக்கும் சரக்குக்கும் நடுவே 3 அடி உயரத்துக்கு பிளைவுட் தடுப்பு வைத்திருக்கிறோம். ஹேண்டில்பார் அதற்கு மேலே நீட்டிக்கொள்ளும், திருப்ப வேண்டியதில்லை. தெருச் சேறு படிந்த டயர் உணவுச் சரக்கைத் தொடக்கூடாது. சைக்கிள் போகாத நாளில் அதே தட்டில் 15 கிலோ எண்ணெய் டின்களை ஒரே வரிசையாக அடுக்குவோம். கடைசி டின்னுக்காகக் கூண்டுக்குள் தவழ்ந்து போக வேண்டியதில்லை. சொல்லப்போனால் எங்கள் ஆளுக்கு அதிகம் பிடித்தது இந்த உபயோகம்தான்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே வண்டியின் பாடியில் ஒரு இடத்திலும் வெல்டிங் வைக்கவில்லை, துளை போடவில்லை. சேனல்களை மரச்சட்டத்தில் பூட்டி, கயிறு கட்டும் கொக்கிகளோடு ஜே போல்ட்டால் இறுக்கியிருக்கிறோம். நாலு போல்ட்டைக் கழற்றினால் அரை மணியில் மொத்தமும் வெளியே வந்துவிடும். அப்படியிருந்தும், செய்வதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும், எப்.சி.க்குப் போகும்போது இன்ஸ்பெக்டரிடம் காட்டிக் கேட்பதும் நல்லது. சட்டம், சேனல், தட்டு, தடுப்பு எல்லாம் சேர்ந்து 40 கிலோ, அதன்மேல் சைக்கிள். ஆர்.சி.யில் எழுதியுள்ள மொத்த எடைக்குள் இதுவும் அடக்கம். அதாவது இரண்டு சிப்பத்துக்கு மேல் அரிசியை நாம் விட்டுக்கொடுக்கிறோம். நடை கணக்கைப் பார்த்தால் அது எங்களுக்குக் கட்டுபடியாகிறது. லைனில் எல்லாக் கடைக்கும் வேன் வாசல் வரை போகும் என்றால், அந்த அன்பர்களுக்கு இது வேண்டாத செலவு.

பட்டறையில் இரண்டு நாள் வேலை. சாமான், கூலி சேர்த்து எங்களுக்கு ரூ.9,000க்குள் முடிந்தது. இரும்பு விலை ஏறி இறங்கும், ஆகையால் இதைக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வண்டி மண்டியில்தான் நிற்கும். அளவு எடுக்க விரும்பும் உறுப்பினர்கள் தங்கள் பட்டறைக்காரரையும் அழைத்துக்கொண்டு வந்து தட்டை இழுத்துப் பார்க்கலாம்.