90 வருஷ சாம்பியன் அவுட்!

உலகத்திலேயே அதிக வெயில் அடிச்ச ஊர் எது? 2012-க்கு முன்னாடி எந்த க்விஸ்ஸில் கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான்... லிபியாவின் அல் அஜீஜியா. 1922 செப்டம்பர் 13-ம் தேதி, 58 டிகிரி செல்சியஸ். பொது அறிவுப் புத்தகங்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு அது அத்துப்படி!

ஆனா, சில விஞ்ஞானிகளுக்கு மட்டும் டவுட். சுத்துப்பட்டு ஊர்களில் அன்னிக்கு அவ்வளவு வெயில் இல்லையே... எப்படி? உலக வானிலை அமைப்பு ஒரு விசாரணைக் குழுவைப் போட்டது.

குழுவில் ஒருத்தர், லிபிய வானிலைத் துறையைச் சேர்ந்த காலித் எல் ஃபட்லி. 1922-ன் ஒரிஜினல் பதிவேட்டைத் தேடிப் பிடிச்சது அவர்தான். இது அவருடைய நாட்டின் உலக சாதனை. அதையே சந்தேகிக்கும் ஆதாரத்தை எடுத்து நீட்டினார் மனுஷர்! 2011-ல் லிபியாவில் புரட்சி வெடித்தது. பல மாதங்கள் அவரிடமிருந்து தகவலே இல்லை. குழுவினர் பதறிப்போனார்கள். ஒருவழியாகத் தொடர்பு கிடைத்ததும், விட்ட இடத்திலிருந்து விசாரணை தொடர்ந்தது.

பதிவேடு என்ன சொன்னது? செப்டம்பர் 11-ம் தேதியிலிருந்து கையெழுத்தே வேற! புது ஆள். எண்களைக் கட்டம் மாற்றி எழுதியிருக்கிறார். போதாததுக்கு, அங்கே இருந்தது பழைய மாடல் தெர்மாமீட்டர். குழாய்க்குள்ளே ஒரு குட்டி ஊசி நகரும். அதன் கீழ்நுனியைப் பார்த்துக் குறிக்கணும். மேல்நுனியைப் பார்த்தால் சுமார் 7 டிகிரி எகிறிடும். நம்மாள் மேல்நுனியைப் பார்த்திருக்கலாம் என்பதுதான் குழுவின் முடிவு. 2012 செப்டம்பர் 13... சரியாக 90 வருஷம் கழித்து, அல் அஜீஜியா அவுட்!

கிரீடம் இப்போ அமெரிக்காவின் டெத் வேலிக்கு. 1913 ஜூலை 10-ல் 56.7 டிகிரி. பதிவான இடத்தின் அன்றைய பெயர் என்ன தெரியுமா? கிரீன்லாந்து ராஞ்ச்! இதையும் சந்தேகிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும், அதிகாரபூர்வ சாதனை இதுதான்.

குளிரில் சாம்பியன், அண்டார்டிகாவின் வோஸ்டோக் ஆய்வு நிலையம். 1983 ஜூலை 21-ல் மைனஸ் 89.2 டிகிரி! அதே அண்டார்டிகாவில் மைனஸ் 98 வரை போனதாக செயற்கைக்கோள் கணக்கு இருக்கு. ஆனா, செல்லாது. செயற்கைக்கோள் அளந்தது பனித்தரையின் சூட்டை. சாதனைக்குத் தேவை தரைக்கு மேலே இருக்கும் காற்றின் வெப்பநிலை.

எதுக்கு இத்தனை கறார்? பழைய எண் தப்பாக இருந்தால், பூமி எவ்வளவு சூடாகியிருக்குன்னு கணக்குப் போடவே முடியாது. அதனால்தான், 2021 ஆகஸ்ட்டில் இத்தாலியின் சிசிலியில் பதிவான 48.8 டிகிரி, 'ஐரோப்பிய சாதனை'ன்னு சர்ட்டிஃபிகேட் வாங்க 2024 வரை காத்திருந்தது.

நம்ம நாட்டிலும் ஒரு சம்பவம். 2024 மே 29... டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரின்னு பிரேக்கிங் நியூஸ். செக் பண்ணினால், கருவி சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கு! ஸோ, இந்திய சாதனை 2016 மே 19-ல் ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51 டிகிரிதான்.

அடுத்த கத்திரி வெயிலில் யாராவது 'எங்க ஏரியாவில் 50 டிகிரி மச்சி'ன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால், ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி மூணே கேள்வி... எந்தக் கருவி? எங்கே வெச்சது? பார்த்தது யாரு?