ஜீப்பின் ஃபோர் வீல் இறுகினால் பெட்டியைப் பிரிக்க வேண்டுமா?

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு விளைந்தாலும், கடுக்காய் சேகரித்தாலும், அது மலையை விட்டுக் கீழே இறங்கினால்தான் காசாகும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குத் தார்ச்சாலை உண்டு. ஆனால் அச்சாலையிலிருந்து உள்ளே தள்ளியுள்ள சிற்றூர்கள் பலவற்றுக்கு மண் பாதைதான். மழைக்காலத்தில் அங்கே கைகொடுப்பது பழைய நான்கு சக்கர இயக்க ஜீப். இவ்வண்டி பத்து நாள் பட்டறையில் நின்றுவிட்டால், பிடுங்கிய கிழங்கு கெட்டுப் போகும். ஆகவே ஜீப் வைத்திருக்கும் விவசாயிகள் அதன் கோளாறுகளைக் கண்டறியும் முறையைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

இவ்வகை ஜீப்புகளுக்கு மூலம் இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப் ஆகும். 1947ஆம் ஆண்டு முதல் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் இவற்றைப் பூட்டி விற்கத் தொடங்கினர். பின்னர் என்ஜின்கள் பல மாறின. கியர் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்னும் துணைப் பெட்டி அமைத்து, அதிலிருந்து முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி ஷாப்ட் கொடுக்கும் முறை வெகுகாலம் மாறவில்லை.

பட்டறைக்கு வரும் புகார்களில் முக்கியமானது இது: "ஃபோர் வீல் போட்டால் எடுக்க வரவில்லை. வளைவில் வண்டி பிடித்து இழுக்கிறது. அடியில் தட்டுகிற சத்தம் வருகிறது." உடனே டிரான்ஸ்பர் கேஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் பல சமயம் உள்ளே பழுது ஒன்றும் இருப்பதில்லை. பெட்டியைப் பிரிப்பது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

இறுகுவது ஏன்?

வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும், பின்சக்கரங்கள் அதைவிடச் சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன. அதாவது முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் போகின்றன. ஃபோர் வீல் போட்டிருக்கும்போது முன் ஷாப்டும் பின் ஷாப்டும் டிரான்ஸ்பர் கேஸில் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரி செய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. எனவே ஷாப்டுகள் கயிறு முறுக்குவது போல் முறுக்கேறி, பற்சக்கரங்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். லீவர் எடுக்க வராததற்குக் காரணம் இதுவே.

இந்நிலையில் லீவரைக் காலால் உதைப்பதும் சுத்தியால் தட்டுவதும் கூடாது. ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வண்டியைப் பத்துப் பதினைந்து அடி பின்னோக்கி எடுத்தால் முறுக்கு விடும். அப்போது கிளட்சை மிதித்து லீவரை இழுத்தால் எளிதாக வந்துவிடும். வரவில்லையென்றால் ஒரு பக்கச் சக்கரங்களைச் சாலையோர மண்ணில் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். மண் பாதை முடிந்து தார் தொடங்கும் இடத்திலேயே ஃபோர் வீலை எடுத்துவிடும் பழக்கம் இருந்தால் இத்தொல்லையே இராது.

நேரான சாலையிலும் இறுகுகிறதென்றால் டயரைப் பார்க்க வேண்டும். முன்னால் புதிய டயர், பின்னால் தேய்ந்த டயர் போட்டிருப்பார்கள். காற்றைச் சரியாக அடைத்துக்கொண்டு, அளவு நாடாவால் நான்கு டயர்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். 16 அங்குல ரிம்மில் வரும் ஜீப் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 88 அங்குலம். முன்னுக்கும் பின்னுக்கும் 1 அங்குலம் வித்தியாசம் இருந்தால்கூட, ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சுமார் 11 மீட்டர் கணக்கு இடிக்கும். அந்த 11 மீட்டரையும் டயரும் பற்சக்கரமும்தான் தேய்ந்து ஈடுகட்ட வேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவில் இருக்கட்டும்.

(நான்கு சக்கர இயக்க டிராக்டரில் முன்சக்கரம் சிறிதாக இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்கேற்ற பல் விகிதம் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டுள்ளது. அதிலும் அளவு மாற்றி டயர் போட்டால் இதே தொல்லைதான்.)

டயரும் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் கிரவுன்–பினியன். பழைய இரும்புக் கடையில் வாங்கிப் பூட்டிய அச்சுகளில் இக்கோளாறு வரலாம். பழைய ஜீப்புகளில் 8 பல் பினியனுக்கு 43 பல் கிரவுன், 39 பல் கிரவுன் என இருவகை உண்டு. முன்னால் ஒன்றும் பின்னால் மற்றொன்றும் அமைந்துவிட்டால், கிலோமீட்டருக்கு 100 மீட்டர் அளவுக்கு இழுபறி ஏற்படும். எந்த மெக்கானிக்காலும் டிரான்ஸ்பர் கேஸில் இதைச் சரி செய்ய முடியாது.

இதைப் பிரிக்காமலே சோதிக்கலாம். சமதரையில் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஃபோர் வீலை எடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். ஷாப்டில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாப்ட் ஏறத்தாழ 5 சுற்று வந்தால் அது 39 பல். ஐந்தே கால் சுற்றையும் தாண்டினால் 43 பல். முன்னாலும் இவ்வாறே எண்ணிப் பாருங்கள். முன்சக்கரத்தில் பூட்டும் ஹப் இருந்தால் அதைப் பூட்டிவிட்டுச் சுற்ற வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் ஷாப்டைப் பிடிக்கிறது. கைப்பிரேக் போட்டிருந்தால் இச்சோதனை நடக்காது. மேலும், ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிய கணமே அந்தக் கைப்பிரேக் வண்டியைத் தாங்காது. மலைச்சரிவில் பஞ்சர் போடும்போது கல் வைக்காமல் வண்டிக்கடியில் நுழையவே கூடாது.

சத்தமும் எண்ணெயும்

சத்தத்தைக் கொண்டும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். கிளட்ச் விடும்போது 'டக்' என்று ஒரே தட்டு கேட்டால் ஷாப்டின் கிராஸ் தேய்ந்திருக்கும். மெதுவாகப் போகையில் கீச்சிட்டால் கிராஸில் கிரீஸ் இல்லை. இடமும் வலமும் ஒடிக்கும்போது சத்தம் மாறினால் சக்கர பேரிங். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் ஊளையிட்டால் கிரவுன்–பினியன்.

ஓடையைக் கடக்கும் வண்டிகளுக்கு அச்சு எண்ணெயில் கவனம் தேவை. ஓடிச் சூடான அச்சு திடீரென நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அச்சின் மேலுள்ள மூச்சுத் துளை சேற்றால் அடைபட்டிருந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். இரவு முழுதும் வண்டியை நிறுத்தி, காலையில் அடி மரையைச் சற்றே தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும். எண்ணெய் பால் கலந்த காப்பி போல் இருந்தால் முழுவதும் மாற்ற வேண்டும். எண்ணெய் ஊற்றும் மேல் மரை கழல்கிறதா என்று பார்த்த பிறகே அடி மரையைக் கழற்ற வேண்டும். மேல் மரை துருவேறிக் கழலாவிட்டால் காலி அச்சோடு நிற்க நேரிடும்.

இறக்கத்தில்

பாரத்தோடு இறங்குகையில் பிரேக்கை விடாமல் மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். மண் இறக்கத்தில் லோ கியர் மிக நல்லது. என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வில்லிஸ் வழிவந்த டிரான்ஸ்பர் கேஸில் ஃபோர் வீல் போடாமல் லோ கியர் விழாது. எனவே தார்ச்சாலையில் லோ கியர் போட்டு இறங்கினால், மேலே சொன்ன முறுக்கு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஏறும். அங்கே சாதாரண இரண்டாம் கியரே போதும். செங்குத்தாக இருந்தால் முதல் கியர். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

பழைய ஜீப்பில் நான்கு சக்கரப் பிரேக்குக்கும் ஒரே குழாய் வழிதான். ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கும் போய்விடும். மலையில் பாரம் ஏற்றும் முன் நான்கு சக்கரங்களின் உட்பக்கத்திலும் ஈரம் தெரிகிறதா என்று பார்த்து, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் அன்று மூட்டையை ஏற்ற வேண்டாம்.